அமிர்தியா, பீமன்மடவா?

கூட்டமாகப் போய், பாதையே இல்லாத ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி நடக்க வேலூர்க்காரர்களுக்கு ஜவ்வாது மலைதான் கதி. அங்கே அமிர்தி அருவி வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. ஆனால் கோடையில் அருவி நூலாக இளைத்துவிடும்.

பீமன்மடவு அருவி அதே மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம். போளூர் வழியாக மலையேற வேண்டும். அருவிக்குக் கீழே பாறைக்குப் பாறை தாவல்தான். பாசியில் செருப்பு நிற்காது. போன முறை முன்னால் போனவர் உட்கார்ந்தபடியே சறுக்கினார். புளிசோற்றுப் பொட்டலம் ஆற்றோடு போயிற்று. தண்ணீர் திடீரென்று கலங்கினால் மேலே மழை என்று அர்த்தம், உடனே கரையேறிவிட வேண்டும்.

காட்டுக்குள் இறங்க இரண்டு இடத்திலும் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர்கள் இருந்தால் அமிர்தி, சரி. எனக்குப் பீமன்மடவுதான். திரும்பும்போது ஜமுனாமரத்தூரில் தேனும் சாமையும் வாங்கலாமே!