கருப்பையை எடுக்க நாள் குறிக்கும் முன், உங்களை ஒருமுறை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்

மதுரைப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். வயது 39, இரண்டு பிள்ளைகள். மூன்று ஆண்டுகளாக என்னை வாட்டிய அடிவயிற்று வலிக்குக் கருப்பைதான் காரணம் என்று சொல்லி, அதை எடுத்துவிட நாளும் குறித்து, முன்பணமும் வாங்கிக்கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு நேர்ந்ததை, இதே வலியோடு அலைந்துகொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன். என் வலிக்குக் காரணம் கருப்பை அல்ல. வலது தொடையிடுக்கில் வெளியே புடைக்காமல் ஒளிந்திருந்த குடலிறக்கம், அதாவது ஹெர்னியா.

காலையில் எழும்போது வலி இருக்காது. மூன்றாவது பாடவேளை வரை கரும்பலகை முன் நின்றுவிடுவேன். நான்காவது பாடவேளையில், வலது தொடை தொடங்கும் மடிப்புக்குச் சற்று மேலே எரியத் தொடங்கி, பிறப்புறுப்பின் ஓரமாகவும் தொடையின் உட்பக்கமாகவும் இறங்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும், இருமினாலும், கழிப்பறையில் முக்கினாலும் அதே இடத்தில் சுருக்கென்று குத்தும். மல்லாந்து படுத்தால் கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். மாதவிலக்கு நாட்களில் கொஞ்சம் கூடுதலாக வலித்ததும் உண்மைதான். ஆனால் அந்த ஒன்றைச் சொன்ன பிறகு, நான் சொன்ன மற்ற எதுவும் அந்த மருத்துவரின் காதில் ஏறவில்லை.

அங்கே வரவேற்பில் முதலில் கேட்டது காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றுதான். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, படுக்கவைத்து, ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பை சற்றுப் பருத்திருக்கிறது, இடது சினைப்பையில் 2 சென்டிமீட்டர் நீர்க்கட்டி இருக்கிறது என்று அறிக்கை வந்தது. "வலி வலது பக்கம் டாக்டர்" என்றேன். "உள்ளே எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதாம்மா இருக்கும்" என்றார். ஆறு மாதம் ஹார்மோன் மாத்திரை, கிருமியே வளராத சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பிறகும் மூன்று முறை ஆன்டிபயாடிக், கடைசியில் வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி. அதற்கு மட்டும் 48,000 ரூபாய். கேமரா விட்டுப் பார்த்ததில் உள்ளே ஒன்றுமே இல்லை என்றவர், அடுத்த மூச்சிலேயே, "ரெண்டு பிள்ளை ஆயிடுச்சு, இனிமே அது எதுக்கும்மா? எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுது" என்றார். ஒன்றும் இல்லை என்ற வரிக்கு அடுத்த வரியாகக் கருப்பையை எடு என்பது எப்படி வரும் என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கேட்டிருப்பார்கள், நான் கேட்கவில்லை. வலி அந்த அளவுக்கு என்னைத் தேய்த்திருந்தது. 15,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என்னைக் காப்பாற்றியவர் என் மாமனார். அவருக்கு முன்பே ஹெர்னியா அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மருமகளிடம் பேசக்கூடிய பேச்சா இது என்ற தயக்கத்தில், கையிலிருந்த செய்தித்தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "நின்னா வலிக்குது, படுத்தா சரியாயிடுதுன்னா எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு. பொம்பளைங்களுக்கு வருமான்னு தெரியல, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுரு" என்றார்.

அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். அங்கிருந்த மூத்த மருத்துவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். தொடை மடிப்புக்கு மேலே இரண்டு விரலை வைத்து, "இருமுங்கம்மா" என்றார். இருமியதும் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்த முதல் மருத்துவர் அவர்தான். பிறகு படுக்கவைத்து, வலிக்கும் இடத்தை அழுத்தியபடியே தலையை மட்டும் தூக்கச் சொன்னார். வயிற்றுத் தசை இறுகும்போது வலி குறையாமல் கூடினால், கோளாறு உள்ளுறுப்பில் இல்லாமல் வயிற்றுச் சுவரில் இருக்க வாய்ப்பு அதிகமாம். இந்தப் பரிசோதனைக்குக் கருவி வேண்டாம், பணமும் வேண்டாம்.

ஆண்களுக்கு விந்துநாளம் செல்லும் தொடையிடுக்குக் கால்வாய் பெண்களுக்கும் உண்டு. அதன் வழியாகக் கருப்பையைத் தாங்கும் நார் ஒன்று பிறப்புறுப்பின் இதழ்வரை போகிறது. கூடவே நரம்பும் ஓடுகிறது. அந்தக் கால்வாயின் வாய் சற்றுத் தளர்ந்து, குடல்கூட அல்ல, வெறும் கொழுப்புத் துணுக்கு உள்ளே நுழைந்து நரம்பை நெருக்கினாலே போதும், வெளியே வீக்கம் எதுவும் இல்லாமல் இப்படி வலிக்கும். படுத்தால் அந்தக் கொழுப்பு பின்வாங்கிவிடுகிறது. படுக்கவைத்து எடுக்கும் ஸ்கேனில் அது எப்படித் தெரியும்? லேப்ராஸ்கோபியிலும், வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வை விலக்கிப் பார்த்தால் ஒழிய, அதற்குப் பின்னால் இருக்கும் இந்தக் கொழுப்பு கண்ணில் படாமல் போகக்கூடும். ஆகவே லேப்ராஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்தால், ஹெர்னியாவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு முதலில் நிற்கவைத்தும் முக்கச் சொல்லியும் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள்; தெளிவாகத் தெரியவில்லை. அதோடு விடாமல், மூச்சைப் பிடித்து முக்கும்போது எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்கள். சீட்டில் வெறுமனே அடிவயிற்று வலி என்று எழுதாமல், வலது தொடையிடுக்கில் ஹெர்னியா இருக்கிறதா என்று குறிப்பாக எழுதியனுப்பினார் அந்த மருத்துவர். படம் பார்ப்பவரிடம் எதைத் தேடவேண்டும் என்று சொல்லாவிட்டால் கருப்பையையும் சினைப்பையையும் மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள் என்றார். அதில் தெரிந்தது.

லேப்ராஸ்கோபி மூலமே வலை வைத்துச் சரிசெய்தார்கள். தொடையிடுக்கு ஹெர்னியா உள்ள பெண்களுக்கு இந்த முறையையே 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்களும் பரிந்துரைக்கின்றன. காரணம், சற்றுக் கீழே தொடைக் கால்வாயில் இன்னொரு ஹெர்னியா இருந்தால் அதுவும் இதில் அகப்பட்டுவிடும். அந்த வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது, குடல் சிக்கி அழுகும் ஆபத்தும் அதில்தான் கூடுதல். தொடையிடுக்கில் திடீரென்று கெட்டியான கட்டி தென்பட்டு, அழுத்தினால் உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

எட்டு மாதங்கள் ஆகின்றன. கடைசிப் பாடவேளை வரை நிற்கிறேன். தொடையில் ஒரு கையகலத்துக்கு மரத்துப்போன உணர்வு மட்டும் இன்னும் இருக்கிறது. அடிவயிற்று வலியெல்லாம் ஹெர்னியாதான் என்று நான் சொல்லவரவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), சிறுநீர்ப்பைக் கோளாறு, இடுப்புத் தசை இறுக்கம் என்று காரணங்கள் பல உண்டு. சிலருக்குக் கருப்பையை எடுப்பதே சரியான சிகிச்சையாகவும் இருக்கும். ஆனால் நிற்கும்போது கூடி, படுத்தால் அடங்கும் வலியை, நிற்கவைத்துப் பார்க்காமலே கருப்பையின் தலையில் கட்டியது எந்த மருத்துவம்? தேவையில்லாமல் கருப்பையை அகற்றுவதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனக்கு நாள் குறித்துக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் என் கோப்பின் நகலைக் கேட்டபோது, நோயாளிக்குத் தருவதில்லை என்று முதலில் கையை விரித்தார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்தும் கேட்டதும், மூன்றாம் நாள் கோப்பு வந்தது. வலி எந்தப் பக்கம் என்று எழுதவேண்டிய இடம் அதில் வெற்றாக இருந்தது. முன்பணத்தில் 9,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. மீதியை நிர்வாகச் செலவு என்று கழித்துக்கொண்டார்கள், அதற்கு இன்றுவரை ரசீது இல்லை.