விளையாடிக்கொண்டே ஜெர்மன்: பல வருட வகுப்பறை அனுபவம்

பெரியவர்களுக்கு ஜெர்மன் சொல்லித்தருவது என் வேலை. பல வருடங்களாக வகுப்பின் பாதி நேரத்தையாவது விளையாட்டாக நடத்தி வருகிறேன். இந்த முறை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது இப்போது நன்றாகவே பிடிபட்டுவிட்டது. வாய் திறக்காமல் ஜெயிக்க முடியாது என்று விதி இருந்தால்தான் ஒரு விளையாட்டு மொழியைக் கற்றுத்தரும். மற்றதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

போனில் நடத்தும் வினாடி வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விடைகளில் ஒன்றை அழுத்த வேண்டும், வேகமாக அழுத்தினால் கூடுதல் மதிப்பெண். வகுப்பே ஆரவாரமாக இருக்கும். ஆனால் கால் மணி நேரத்தில் ஒருவர்கூட ஒரு ஜெர்மன் வாக்கியம் சொல்லியிருக்க மாட்டார். யோசித்துப் பதில் சொல்கிறவர்கள் பட்டியலில் கடைசிக்குப் போய்ச் சுருங்கிவிடுகிறார்கள். பிங்கோவும் குறுக்கெழுத்தும் எண்களையும் எழுத்துக்கூட்டலையும் பழக்கும், சோர்வைப் போக்கும்.

என் வகுப்பில் அதிகம் பலன் தந்தது படம் சொல்லி வரையும் விளையாட்டு. இருவர் முதுகோடு முதுகாக உட்கார்வார்கள். ஒருவர் கையில் படம், மற்றவர் கையில் வெற்றுத்தாள். பூனை எங்கே? நாற்காலிக்குக் கீழேயா, பக்கத்திலா? ஜன்னல் பெரியதா, சின்னதா? கேட்காமல் கோடு போட முடியாது. பலகைக்கு முன்னால் கூப்பிட்டால் வாயே திறக்காதவர்கள் இதில் விடாமல் கேட்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கவனமெல்லாம் படத்தின் மேல் இருப்பதால், தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற நினைப்புக்கே நேரம் இருப்பதில்லை. பதற்றம் இருக்கும்போது காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்று ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களில் எழுதினார். அவருடைய கொள்கை முழுவதையும் எல்லோரும் ஏற்பதில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் அனுபவம் அவர் பக்கம்தான்.

இதே விளையாட்டில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதற்கு முன்னால் வரும் டேர், டீ, டாஸ் எல்லாம் தப்பாகச் சொன்னாலும் படம் சரியாகவே வந்துவிடும். பூனை நாற்காலிக்குக் கீழேதான் இருக்கும். ஆக, மாணவருக்குத் தைரியம் வளர்கிறது, தப்பும் கூடவே பழகிப்போகிறது. இலக்கணம் தானாக வந்துவிடும் என்று விட்டால் வராது. இலக்கணமே வெற்றியைத் தீர்மானிக்கும்படி விளையாட்டை அமைக்க வேண்டும்.

அதற்கு நான் செய்து வைத்திருப்பது இரண்டு அட்டைகள். ஒன்றில் பூனை தரையிலிருந்து மேசைக்குத் தாவுகிறது. மற்றதில் ஏற்கெனவே மேசைமேல் நின்று குதித்துக்கொண்டிருக்கிறது. முதலாவதுக்கு 'டீ காட்ஸ ஷ்ப்ரிங்ட் அவுஃப் டேன் டிஷ்' (மேசைமேல் தாவுகிறது, போய்ச் சேரும் இடம் என்பதால் டேன்), இரண்டாவதுக்கு 'அவுஃப் டேம் டிஷ்' (இருக்கும் இடம் என்பதால் டேம்). டேன், டேம் என்ற அந்தக் கடைசி ஒலியை வைத்தே எதிரில் இருப்பவர் அட்டையை எடுக்க வேண்டும். சொல்பவர் மழுப்பினால் தப்பான அட்டைதான் வரும். பக்கம் பக்கமாகப் பயிற்சி எழுதியும் பதியாத வேறுபாடு இதில் காதிலும் நாக்கிலும் ஏறிவிடுகிறது. விளையாடும்போது நான் குறுக்கிட்டுத் திருத்துவதில்லை. தப்புகளைக் குறித்து வைத்து, முடிந்த பிறகு பெயர் சொல்லாமல் பலகையில் எழுதிப் பேசுவோம். இந்தப் பேச்சு இல்லாவிட்டால் விளையாட்டின் பயன் பாதிதான்.

தளர்வாக இருந்து கற்பது பற்றிப் பேசினால் பல்கேரிய மனநல மருத்துவர் கியோர்கி லொசானோவ் பெயர் வந்துவிடும். வசதியான நாற்காலி, பின்னணியில் பரோக் என்ற பழைய ஐரோப்பியச் செவ்விசை, நீண்ட உரையாடல்களை நடிப்போடு வாசித்தல் என்பது அவர் முறை. சொற்கள் வியக்கத்தக்க வேகத்தில் மனதில் நிற்கும் என்ற கூற்றை மொழி ஆய்வாளர்கள் அப்போதே கேள்வி கேட்டார்கள். இசையால் என் வகுப்பில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் மாணவருக்குப் புதுப் பெயரும் புதுத் தொழிலும் கொடுக்கும் அவருடைய வழக்கத்தை நான் விடவே மாட்டேன். தப்பு செய்வது நான் அல்ல, அந்தக் கற்பனை ஆள் என்ற எண்ணமே கூச்சத்தைக் கரைத்துவிடுகிறது. முதல் சில வாரங்களுக்கு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷரின் முறையும் நல்லது: ஆசிரியர் கட்டளை சொல்வார், மாணவர் எழுவார், நடப்பார், கதவைத் திறப்பார். பேச வேண்டிய கட்டாயமே இல்லை.

'காசு கட்டி விளையாடவா வந்தோம்?' என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு விளையாட்டுக்கும் முன்னால் இது எதற்கான பயிற்சி என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1 (இடைநிலை) பேச்சுத் தேர்வில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு விஷயத்தைத் திட்டமிடும் பகுதி இருக்கிறது. விளையாடிப் பழகியவர்களுக்கு அது புதிதாகவே தெரிவதில்லை, சந்தேகத்தோடு வந்தவர்களும் அங்கேதான் சமாதானம் ஆகிறார்கள்.

அதே பி1-இன் எழுத்துத் தேர்வுக்கு மட்டும் இந்த முறை உதவவில்லை. 60 நிமிடத்தில் மூன்று பணிகள், இரண்டுக்குத் தலா 80 சொற்கள், ஒன்றுக்கு 40. இதற்குத் தனியாக உட்கார்ந்து எழுதி, திருத்தி வாங்கி, மறுபடி எழுத வேண்டும். வாரத்தில் ஒரு வகுப்பை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன், அதில் விளையாட்டு கிடையாது.