சமுர்த்தியா, அஸ்வெசுமவா?

இரண்டும் வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு பணம் கொடுக்கும் உதவித் திட்டங்கள். 1995இல் தொடங்கிய சமுர்த்திக்கும் 2023இல் அதன் உதவிப் பணத்துக்குப் பதிலாக வந்த அஸ்வெசுமவுக்கும் பெரிய வேறுபாடு, உதவி பெறுகிறவரைத் தெரிவு செய்வது யார் என்பதில்தான். சமுர்த்தியில் ஊர் உத்தியோகத்தரின் சொல்லுக்கு எடை அதிகமாக இருந்தது. வீட்டு நிலைமை அவருக்குத் தெரிந்திருந்தது. அரசியல்வாதியின் சிபாரிசும் அவர் காதுக்கு எட்டியது. அஸ்வெசுமவில் கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று 22 குறிகாட்டிகள் புள்ளி போடுகின்றன.

நேர்மையான முறைதான். ஆனால் திருகோணமலைக் கரையில் அது தடுமாறும். மார்கழிக் கடல் கொந்தளிக்கையில் கிண்ணியா மீனவர் வாரக்கணக்கில் உழைப்பின்றி இருப்பார்; வள்ளத்தையும் இயந்திரத்தையும் மட்டும் பார்க்கிறவருக்கு அவர் வசதிக்காரர். கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடக்கிறது என்பதே பாதி முடிவு.

தொகையில் அஸ்வெசுமதான் மேல். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என நான்கு படிகள். 2025இல் மேலிரண்டும் 10,000, 17,500 ஆகின. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் சமுர்த்தியோடு சேமிப்பும் சிறுகடனும் வந்தன. நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் மூதூர், வெருகல் பக்கத்துப் பெண்களுக்கு அது சின்ன விசயமில்லை.

எந்த உதவிப் பணமாக இருந்தாலும், 2024 சனவரியிலிருந்து பல பொருட்களில் 18 வீத வற் (பெறுமதி சேர்) வரி அதில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. 2025இல் வருமான வரி விலக்கெல்லை மாதம் 150,000 ரூபாய்க்கு உயர்ந்தது சம்பளக்காரருக்கு நல்லது. வலை இழுப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை.

என் தெரிவு அஸ்வெசும, ஆனால் கடல்தொழிலாளருக்குப் பருவ வருமானத்தையும் பார்க்கிற திருத்தத்தோடு.