அப்பப்பாவின் வால்வ் றேடியோ: திருத்துவதா, அப்படியே வைப்பதா?

அப்படியே வைப்பதற்குச் செலவில்லை. தூசு தட்டி, கறையான் அண்டாமல் பார்த்தால் போதும். ஆனால் திருகோணமலையின் உப்புக் காற்று சும்மா இருக்காது. உள்ளே இரும்புச் சட்டத்தில் கறள் ஏறிக்கொண்டே போகும்.

திருத்துவது என்றால் வேலை பெரும்பாலும் கப்பாசிட்டர்களில்தான், அதாவது மின்னைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்களில். பழைய காகிதக் கப்பாசிட்டர்கள் மின்சாரத்தைக் கசியவிடும், உள்ளே திரவம் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் வகை காய்ந்துபோகும். வால்வுகள், அதாவது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள், பலவேளை நன்றாகவே இருக்கும். ஆனால் கப்பாசிட்டர்கள் பழுதாக இருக்கலாம் என்பதால் "பாடுதா பார்ப்போம்" என்று நேரே 230 வோல்ட்டில் செருகவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் மாற்றுக் கிடைப்பது கஷ்டம். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத செட் என்றால் இன்னும் ஆபத்து, இரும்புச் சட்டத்திலேயே கரண்ட் இருக்கலாம். வால்வ் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

சரி, திருத்தி எதைக் கேட்பது? பெரும்பாலான பழைய செட்டுகளில் எஃப்எம் இல்லை. மத்திய அலையும் சிற்றலையும்தான். ஜேர்மனியின் டொய்ச்சே வெலே வானொலி ஒரு காலத்தில் திருகோணமலையிலிருந்தே சிற்றலையில் ஒலிபரப்பியது. இப்போது சிற்றலை மெலிந்துவிட்டது. இரவில் மத்திய அலையில் இந்திய நிலையங்கள் பிடிபடலாம், அவ்வளவுதான்.

என்றாலும் நான் திருத்தும் பக்கம். உள்ளே மட்டும்தான். மரப்பெட்டியைச் சுரண்டிப் பொலிஷ் போட்டால் அப்பப்பாவின் கைபட்ட தடமும் போய்விடும். புளூடூத் பூட்டச் சொல்லும் மருமகன் வேறு பெட்டி வாங்கட்டும்.