லிங்கி செட்டி தெரு கடையில இருந்து நாலு வருஷமா நியூஸ்லெட்டர் அனுப்புறேன், என் அனுபவம்

எங்க தெருவுல யார்கிட்ட சொன்னாலும் மொத கேள்வி இதான், வாட்ஸப் இருக்கும்போது இன்னாத்துக்கு மெயில்னு. நானும் 2021 வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். எங்களது சேஃப்டி ஐட்டம் கடை, அப்பா ஆரம்பிச்சது, ஹெல்மெட், சேஃப்டி ஷூ, கிளவுஸ், ஹார்னஸ் (உயரத்துல வேலை செய்றவங்க விழாம இருக்க மாட்டுற பெல்ட்), கம்பூட், ரெயின்கோட் இதெல்லாம் தான் சரக்கு. வாங்குறவங்க மணலி, எண்ணூர், திருவொற்றியூர், மாதவரம் பக்கம் இருக்கிற கம்பெனி ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் ஆளுங்க, கான்ட்ராக்டருங்க. முன்னெல்லாம் கேட்லாக் பைய தூக்கிக்கிட்டு பைக்ல எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க பின்னாடி ஊர்ந்து ஊர்ந்து போவேன், ஒரு நாளைக்கு மூணு கம்பெனி பாத்தா பெருசு. ரெண்டாவது லாக்டவுனுக்கு அப்புறம் கேட்லயே உள்ள விடல, எதுவா இருந்தாலும் மெயில் பண்ணுங்கன்னு செக்யூரிட்டியே சொல்லி அனுப்பிட்டாரு. அப்படித்தான் இது ஆரம்பிச்சுச்சு.

ஆரம்பமே பெரிய தப்பு. போன்ல ஒருத்தர் சென்னை கம்பெனிங்களோட பத்தாயிரம் மெயில் ஐடி எக்செல்ல தரேன்னாரு, வாங்கிட்டேன். ஒரு நியூஸ்லெட்டர் சர்வீஸ்ல கணக்கு தொறந்து மொத்தத்தையும் ஏத்தி ஒரே நாள்ல தட்டி விட்டேன். மறுநாள் காலைல கணக்கு முடங்கிடுச்சு. பாதிக்கு மேல உயிரில்லாத ஐடி, ஆள் வேலைய விட்டுப் போயிருப்பாரு இல்லனா அந்த கம்பெனியே இருக்காது. அந்த மாதிரி ஐடிக்கு போற மெயில் திரும்பி வந்துடும், அதுக்குத்தான் ஹார்ட் பவுன்ஸ்னு பேரு. இது அதிகமா ஆச்சுனா ஜிமெயில், அவுட்லுக் எல்லாம் நம்ம டொமைனையே (மெயில் ஐடில @க்கு அப்புறம் வர்ற பேர்) சந்தேகப் பட்டியல்ல போட்டுடும். கணக்கு போனதுகூட பரவால்ல. பதினஞ்சு வருஷமா எங்ககிட்ட வாங்குற மணலி ஸ்டோர்ஸ் சார் ஒருத்தர் போன் பண்ணி "இன்னாப்பா, கொட்டேஷன் கேட்டு நாலு நாளாச்சு"ன்னாரு. நான் அன்னைக்கே அனுப்பிட்டேன் சார்னா, அது அவர் ஸ்பேம்ல போய் கெடந்திருக்கு. அந்த ஆர்டர் வேற கடைக்குப் போயிடுச்சு. எங்க சாதாரண மெயில் ஒழுங்கா போய்ச் சேர கிட்டத்தட்ட மூணு மாசம் ஆச்சு. அதனால லிஸ்ட் மட்டும் காசு குடுத்து வாங்கவே வாங்காதீங்க, எவ்ளோ சீப்பா குடுத்தாலும்.

அப்பால அக்கா பொண்ணுதான் உக்காந்து சரி பண்ணிக் குடுத்தா. "மாமா, மொதல்ல கேட்டுட்டு அனுப்பு"ன்னா. பழைய பில் புக்க எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன், மாசத்துக்கு ஒரே ஒரு மெயில் அனுப்புறேன் சார், வேணாம்னா சொல்லுங்க நிறுத்திடுறேன்னு. ரெண்டு வாரம் பேசி 112 பேர் தேறுனாங்க. இப்போ 386. நாலு வருஷத்துக்கு இது கம்மின்னு தோணலாம், ஆனா அத்தன பேரும் எங்க கடை பேர தெரிஞ்சவங்க. இதுல ஒரு விஷயம் அனுபவத்துல கத்துக்கிட்டேன், பர்ச்சேஸ்னு பொதுவா இருக்கிற ஐடிய மட்டும் நம்பாதீங்க, சில சர்வீஸ்ல அந்த மாதிரி ஐடிய ஏத்தவே விடாது. ஆளோட சொந்த ஆபீஸ் ஐடி வேணும், ஆனா அவர் மாத்தலாகிப் போனா அந்த ஐடி செத்துடும். அதனால வருஷத்துக்கு ஒருவாட்டி எல்லாருக்கும் போன் பண்ணி யார் இருக்காங்க யார் போயிட்டாங்கன்னு சரி பார்க்கிறேன், அந்தப் போன்லயே ஒண்ணு ரெண்டு ஆர்டரும் வந்துடும்.

டெக்னிக்கல் சமாச்சாரம் கொஞ்சம் இருக்கு, தள்ளிப் போட முடியாது. சும்மா ஜிமெயில் ஐடிய வச்சு இந்த மாதிரி சர்வீஸ்ல இருந்து அனுப்பாதீங்க, ஸ்பேம்லதான் போய் விழும். சொந்த டொமைன் வாங்கி அதுல மூணு பதிவு போடணும். எஸ்பிஎஃப்னா நம்ம பேர்ல எந்த சர்வர்லாம் மெயில் அனுப்பலாம்னு சொல்ற பட்டியல், டிகேஐஎம்னா சீல் வச்ச மாதிரி, நடுவுல யாரும் மாத்தலன்னு காட்டும், டிமார்க்னா இந்த ரெண்டும் பொருந்தலனா அந்த மெயில இன்னா பண்ணணும்னு நாம சொல்லி வைக்கிறது. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதுல கறாரா ஆயிட்டாங்க. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்களுக்கு மூணுமே கட்டாயம், ஒரே க்ளிக்ல விலகுற வசதியும் இருக்கணும், ஸ்பேம்னு அழுத்துறவங்க 0.3 சதவீதத்த தொடக்கூடாது. நாம அவ்ளோ பெரிய ஆள் இல்ல, ஆனா சின்ன ஆளுங்களுக்கும் எஸ்பிஎஃப் இல்ல டிகேஐஎம் ஏதாவது ஒண்ணாவது வேணும்னு சொல்லிட்டாங்க, மூணையும் போட்டுட்டா நிம்மதி.

மொத வருஷம் பிரஸ்ல சொல்லி அழகா கலர் போஸ்டர் டிசைன் பண்ணி அத ஒரே படமா அனுப்பிட்டு இருந்தேன். ஒரு நாள் திருவொற்றியூர்ல ஒரு கம்பெனி பர்ச்சேஸ் மேடம் அவங்க கம்ப்யூட்டர்ல எங்க மெயில தொறந்து காட்டுனாங்க, வெள்ளையா ஒரு கட்டம், மூலைல சின்னதா குறி, அவ்ளோதான். அவுட்லுக்ல படம் தானா வராது, நாமதான் அழுத்தணும், வேலை நேரத்துல யார் அழுத்துவா. பத்து மாசம் வெறும் கட்டத்த அனுப்பியிருக்கேன்னு நெனச்சப்போ மனசே விட்டுப் போச்சு. அன்னைல இருந்து வெறும் எழுத்துதான், மேல வணக்கம் சார், பத்து பதினஞ்சு வரி, கீழ என் பேர், கடை போன் நம்பர், தேவைப்பட்டா ஒரு சின்ன படம். மெயில் (படத்த சேக்காம) 102 கேபி தாண்டுனா ஜிமெயில் மிச்சத்த வெட்டிட்டு முழுசா பாக்க தனியா அழுத்தச் சொல்லும், கொஞ்சமா எழுதுனா அந்தத் தொல்லையும் கெடையாது.

சரி, இன்னா எழுதுறதுன்னு கேப்பீங்க. எங்க தொழிலுக்கு காலண்டர் தானாவே இருக்கு. மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம், அந்த வாரம் பூரா கம்பெனில நிகழ்ச்சி நடக்கும், புது ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் வாங்குவாங்க. ஆனா மார்ச்ல மெயில் போட்டா வேஸ்ட். அவங்க இன்டென்ட் (இன்னா வேணும்னு உள்ளுக்குள்ள எழுதிக் கேக்குறது) போடணும், மூணு கொட்டேஷன் வாங்கணும், பிஓ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், கையெழுத்து ஆகணும், அதுக்கு மூணு நாலு வாரம் வேணும். அதனால ஜனவரி கடைசிலயே அனுப்பிடுவேன். கம்பூட், ரெயின்கோட் மெயில் செப்டம்பர்ல, வடகிழக்கு மழை அக்டோபர்ல வந்துடும். மத்த மாசத்துல விலையே போட மாட்டேன், விஷயம் மட்டும். ஹார்னஸ் வாங்கும்போது தச்சிருக்கிற லேபிள்ல ஐஎஸ் 3521 (ஐஎஸ்னா இந்தியத் தர நம்பர்) இருக்கா, தயாரிச்ச மாசம் வருஷம் இருக்கா பாருங்க, ஒருவாட்டி ஆள் விழுந்து தாங்கிப் புடிச்ச ஹார்னஸ திரும்ப மாட்டாதீங்கன்னு எழுதுன மெயிலுக்கு ஒரு எண்ணூர் சேஃப்டி ஆபீசர் பதில் போட்டாரு, இத பிரிண்ட் எடுத்து ஸ்டோர்ஸ்ல ஒட்டியிருக்கோம்னு. எனக்கு அன்னைக்கு பெரிய ஆர்டர் கெடச்ச சந்தோஷம். ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 2925, ஷூவுக்கு ஐஎஸ் 15298, இதெல்லாம் எளிமையா எழுதிக் குடுத்தா ஆளுங்க வச்சுக்கிறாங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்துல ரெண்டு நாள் கடைக்கே வர முடியல. மூணாவது நாள் வந்து நாலே வரி எழுதுனேன், கடை தொறந்தாச்சு, கம்பூட் இந்த இந்த சைஸ் கையில இருக்கு, வண்டி இந்தப் பக்கம்தான் போகுதுன்னு. இதுவரைக்கும் அதிகமா பதில் வந்த மெயில் அதுதான், சாயங்காலத்துக்குள்ள 31 பேர்.

எனக்கு முழுசா புரிய மூணு வருஷம் ஆன விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம மெயில அன்னைக்கே படிப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க, அவங்க படிக்கிறது தேவைப்படும்போது. ஆசிட் வேலைக்கு கிளவுஸ் வேணும்னா அவரு இன்பாக்ஸ்ல கிளவுஸ்னு அடிச்சுத் தேடுவாரு, அப்போ நம்ம மெயில் மேல வரணும். போன வருஷம் ஒருத்தர் 2022ல நான் அனுப்புன மெயிலுக்கு பதில் போட்டு இது இன்னும் இருக்கான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் தலைப்புல பண்டிகை வாழ்த்து, இனிய செய்தி மாதிரி எதுவும் வைக்கிறதில்ல, சரக்கோட பேர், ஐஎஸ் நம்பர், அவ்ளோதான். ஜிமெயில் விளம்பர மெயில தனியா ஒதுக்குற ப்ரமோஷன்ஸ் டேப்ல போய் விழுந்தாலும் தேடுனா கிடைக்கும். வாட்ஸப்ல இது நடக்காது, ஒரே மெசேஜ பல பேருக்கு அனுப்புற பிராட்காஸ்ட்ல ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான், அதுவும் நம்ம நம்பர சேவ் பண்ணவங்களுக்குத்தான் போகும், பேச்சுக்கு நடுவுல புதைஞ்சும் போயிடும். வண்டி கெளம்பிடுச்சு, சரக்கு வந்துடுச்சுன்னு சொல்ல வாட்ஸப்தான் எனக்கும்.

ஓபன் ரேட்ட, அதாவது எத்தன பேர் மெயில தொறந்தாங்கன்னு சர்வீஸ் காட்டுற கணக்க, பாத்து சந்தோஷப்படாதீங்க. மெயில்ல இருக்கிற ஒரு கண்ணுக்குத் தெரியாத படம் இறங்குனா தொறந்ததா எண்ணுவாங்க. 2021 செப்டம்பர்ல ஆப்பிள் மெயில்ல ஒரு மாற்றம் கொண்டாந்தாங்க, ஆள் தொறக்கலனாலும் படம் தானா இறங்கிடும், நமக்கு தொறந்த மாதிரி கணக்கு காட்டும். பெரிய கம்பெனிங்க செக்யூரிட்டி சாஃப்ட்வேர் லிங்க்க தானா அழுத்திப் பாக்கும், அதுவும் க்ளிக்கா விழும். நான் எண்றது ஒண்ணே ஒண்ணுதான், எத்தன பேர் பதில் எழுதுனாங்கன்னு. சில மாசம் ரெண்டு, சில மாசம் இருபது. ரெண்டு வந்த மாசமும் அடுத்த மாசம் அனுப்புவேன்.

செலவு பெருசா இல்ல. ஆனா நான் மொதல்ல வச்சிருந்த சர்வீஸ்ல இலவச அளவு வருஷா வருஷம் சுருங்கிட்டே போச்சு, மாத்த வேண்டியதாயிடுச்சு. மாசா மாசம் லிஸ்ட்ட எக்செல்ல இறக்கி வச்சிருந்ததால ஒரே நாள்ல மாறிட்டேன். அத மட்டும் தவறாம பண்ணுங்க, லிஸ்ட் நம்ம கையில இருக்கணும்.

விலகுறவங்கள விட்டுடணும். ஒருத்தர் விலகுனப்போ நான் போன் பண்ணி ஏன் சார்னு கேட்டுட்டேன், அவருக்கு கோவம் வந்துடுச்சு, நியாயம்தான். இப்போ விலகுற லிங்க் மேலயே இருக்கு.

கவுன்டர்ல வந்து வாங்கிட்டுப் போற கடை, அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை, துணிக்கடைக்கு இது சரிப்படுமான்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு அவங்க வாடிக்கையாளருக்கு வாட்ஸப்பே போதும். திரும்பத் திரும்ப வாங்குற, கொட்டேஷன் கேக்குற, மெயில்லயே பிஓ போடுற ஆளுங்களுக்கு விக்கிறீங்கனா பண்ணிப் பாருங்க. ஒரு வருஷம் ஒண்ணுமே தெரியாது, அதுக்கு தயாரா இருக்கணும்.

இந்த மாசம் கிளவுஸ் சைஸ் எப்படி அளக்கிறதுன்னு எழுதிட்டு இருக்கேன், கட்ட விரல விட்டுட்டு உள்ளங்கைய சுத்தி டேப்ப வச்சு எத்தன இன்ச்னு பாக்கணும். கடைப் பையன் கைய வச்சே ஒரு படம் எடுத்தாச்சு, ராத்திரி எழுதி முடிச்சுட்டா நாளைக்கு காலைல பத்து மணிக்கு போயிடும்.