ஊசி ஈயா, வீட்டு ஈயா, சதை ஈயா: எந்தக் கோணத்துப் படம் கைகொடுக்கும்?

பட்டுப்புழு வளர்ப்பு மனையின் ஜன்னல் வலையில் சாம்பல் நிற ஈ ஒன்று உட்கார்ந்தால் சந்தேகம் மூன்று பேர் மேல் விழும். ஊசி ஈ உயிருள்ள புழுவின் தோலில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும் (பெயரில்தான் ஊசி, குத்துவதில்லை). வீட்டு ஈயும் சதை ஈயும் பெரும்பாலும் குப்பைக்கும் செத்த புழுவுக்கும் வருபவை. கர்நாடகத்தில் 1980-இல் ஊசி ஈ தலைகாட்டியதிலிருந்து தென்னகத்துப் பட்டு விவசாயிகளுக்கு இது தீராத தலைவலி.

எல்லோரும் முதலில் எடுப்பது முதுகுப் படம். மார்பின் மேல் கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள். மூன்று என்றால் சதை ஈ. வயிற்றில் சதுரங்கக் கட்டம் போலத் திட்டுகளும் தெரியும். நான்கு என்றால் ஊசி ஈ என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமான தவறு, ஏனென்றால் வீட்டு ஈக்கும் கோடு நான்கே. அளவு உதவும்: வீட்டு ஈ 6-7 மி.மீ., ஊசி ஈ 10-12 மி.மீ. ஆனால் படத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் அதுவும் வீண். மில்லிமீட்டர் கட்டமிட்ட கிராப் தாளின் மேல் வைத்தே எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வெளிச்சம் பளீரென்று விழுந்தால் கோடுகள் மங்கி, எண்ணிக்கை தப்பும்.

என் ஓட்டு பக்கவாட்டுப் படத்துக்கு. மார்பின் கடைசியில் சின்னக் கேடயம் போல ஒரு தட்டு இருக்கும். ஊசி ஈக்கு அதன் அடியில் இன்னொரு புடைப்பு, மேலுதட்டுக்குக் கீழே கீழுதடு போலத் துருத்தி நிற்கும். வீட்டு ஈக்கு அது கிடையாது. சதை ஈக்கு இருந்தாலும் லேசாகத்தான். வயிற்று நுனியில் விறைத்த முட்கள் சதை ஈக்கும் உண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள். மடித்த இறக்கை புடைப்பை மறைத்துவிடும் என்பதுதான் இந்தக் கோணத்தின் தொல்லை. ஈயைச் சின்னக் குப்பியில் அடைத்து ஃபிரீசரில் 10 நிமிடம் வைத்து, குண்டூசியால் இறக்கையை ஒதுக்கி, விழித்துக்கொள்வதற்குள் எடுத்துவிடுங்கள். காய்ந்து சுருங்கிய ஈயில் புடைப்பு சரியாகத் தெரியாது.

முகப் படத்தில் உணர்கொம்பின் மேலுள்ள மெல்லிய இழையைப் பாருங்கள். ஊசி ஈக்கு மொட்டை. வீட்டு ஈக்கு நுனிவரை இறகு. சதை ஈக்குப் பாதிவரை இறகு. குறி தெளிவானதுதான், ஆனால் கிளிப் லென்ஸ் இல்லாமல் போனில் பிடிபடாது. பல போன்களின் ‘மேக்ரோ’ (கிட்டத்தில் வைத்து எடுக்கும்) கேமராவை விட, முக்கியக் கேமராவில் சற்றுத் தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்வது மேல்.

இறக்கைப் படம் இங்கே வீண்: நடு நரம்பு மூவருக்கும் நுனியருகே முன்பக்கமாக வளைந்தே இருக்கும். இவ்வளவும் சேர்ந்தால்கூட எந்த ஈக் குடும்பம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) என்பது வரைதான் போகலாம். நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆண் ஈயின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

ஈப் படம் எதுவாக இருந்தாலும் புழுவையும் ஒரு படம் எடுங்கள். தோலில் குண்டூசித் தலைக்கும் சிறிய வெள்ளை முட்டை, அல்லது முட்டையிலிருந்து வந்த ஈயின் புழு உள்ளே துளைத்த இடத்தில் கறுப்பு வடு தெரிந்தால், ஜன்னலில் உட்கார்ந்தது வீட்டு ஈயாகவே இருந்தாலும் ஊசி ஈ மனைக்குள் வந்துபோயிருக்கிறது.