மருந்தைக் கட்டிக்குள் சேர்க்கும் மீயொலி: வெப்ப வழியா, நுண்குமிழி வழியா?

திருகோணமலையிலிருந்து மகரகம புற்றுநோய் மருத்துவமனை வரை பஸ்ஸேறிக் கீமோவுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு, அந்தச் சிகிச்சையின் பாரம் பயணத்தோடு முடிவதில்லை என்பது நன்றாகத் தெரியும். நாளத்தில் ஏற்றப்படும் டொக்சோரூபிசின் எனும் கீமோ மருந்து கட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. மயிர்க்கால்களையும் இதயத் தசையையும் சேர்த்தே தாக்குகிறது. மருந்தின் வீரியத்தைக் கட்டியின் மீது குவிக்க மீயொலியை (அல்ட்ராசவுண்ட்) துணைக்கழைக்கும் முயற்சிகளில் இரண்டு, நோயாளர்களிடம் பரிசோதிக்கப்படும் நிலையை எட்டியிருக்கின்றன.

வெப்ப வழியில், மருந்து லிப்பசோம் எனும் நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைக்கப்படுகிறது. ஏறத்தாழ 40 பாகை செல்சியஸில் அந்த உறை இளகி மருந்தை விடுவிப்பதால், குவித்த மீயொலியால் கட்டியை மட்டும் இளஞ்சூடாக்கினால் போதுமானது. ஈரலில் கட்டியுள்ள 10 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஒக்ஸ்போர்ட் ஆய்வில், சூடேற்றும் முன்னும் பின்னும் ஊசியால் எடுத்த திசுக்களை ஒப்பிட்டபோது மருந்தின் செறிவு சராசரியாக 3.7 மடங்கு உயர்ந்திருந்தது. மருந்து கட்டிக்குள் சேர்ந்ததற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. ஆனால் நோயாளரை முழுமையாக மயக்கி, தனி இயந்திரத்தைக் கொண்டே அதைச் செய்தார்கள். மேலும், இதே லிப்பசோமை மின்வெப்பத்தால் ஈரல் கட்டியைச் சுடும் சிகிச்சையுடன் சேர்த்து 701 பேரிடம் சோதித்த முந்தைய ஆய்வு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

நுண்குமிழி வழி எளிமையானது. ஸ்கேன் படத்தைத் தெளிவாக்க ஏற்கெனவே பயன்படும், செங்குருதிக் கலத்தைவிடச் சிறிய வாயுக் குமிழிகளை வழக்கமான மருந்தோடு ஏற்றி, வயிற்றில் ஜெல் பூசி, மீயொலியை அனுப்பும் ஸ்கேன் கருவியின் கைப்பிடியை (ப்ரோப்) வைத்தால், அலைக்கேற்ப அவை விரிந்து சுருங்கி இரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகின்றன. கண்டிப்பாகச் சொன்னால் இங்கே மருந்து விடுவிக்கப்படுவதில்லை, அதற்குக் கதவு திறந்துவிடப்படுகிறது. நோர்வேயின் பேர்கனில் கணையப் புற்றுநோயாளர் 10 பேருக்கு ஜெம்சிடபின் எனும் கீமோ மருந்துடன் இதைச் செய்ததில், இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 17.6 மாதங்களாக இருந்தது. முன்பு அம்மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு அது 8.9 மாதங்கள். குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடாத சிறு ஆய்வு என்பதால் இவ்வெண்களை வாக்குறுதியாகக் கொள்ளக்கூடாது. குமிழியிலேயே மருந்தை ஏற்றும் முயற்சியும் உண்டு. ஆனால் குமிழியின் மெல்லிய உறையில் மருந்து கொஞ்சமே கொள்ளும்.

சான்றின் திடத்தில் வெப்ப வழியே மேல். ஆயினும் எங்கள் மாவட்டம் போன்ற இடங்களுக்கு என்றேனும் வந்துசேரக்கூடியது குமிழி வழிதான் என்பது என் உறுதியான எண்ணம். பேர்கனில் பயன்பட்டது மருத்துவமனை ஸ்கேன் இயந்திரமே. எலும்புக்கோ வாயு நிறைந்த குடலுக்கோ பின்னால் மறைந்த கட்டியை எட்டுவது இரண்டுக்கும் கடினம். உடலெங்கும் பரவிவிட்ட நோயில், அலை படாத கட்டிகளுக்கு இரண்டாலும் கூடுதல் பயன் கிடைப்பதில்லை.